ஆமைங்க என்று ஆரம்பித்தவர்

திருமூர்த்திக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பற்றிப் பேசப்போகிறாரோ அதன் பெயரை முதலில் சொல்லிவிடுவார். அதோடு ஒரு 'ங்க' சேர்ப்பார். பிறகு தொண்டையைச் செருமி, தோளில் கிடக்கும் துண்டை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, சாவகாசமாக மீதி வாக்கியத்துக்கு வருவார். "பாலுங்க..." என்பார். பால் பொங்கிவிட்டதா, திரிந்துவிட்டதா, பூனை குடித்துவிட்டதா என்று தெரிவதற்குள் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு வேறு வேலை வந்துவிடும். "எங்கூட்டுக்காரரு மொத வார்த்தைக்கும் ரெண்டாவது வார்த்தைக்கும் நடுவுல மேட்டுப்பாளையம் பஸ்ஸு போயிட்டுத் திரும்பி வந்துரும்" என்று அவர் மனைவி செல்லாத்தாள் வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவர் அதற்கும் மறுப்புச் சொல்ல ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் எல்லோரும் சிரித்து ஓய்ந்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று ஒன்றை எதிர்க்கப் போனால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

அன்னூருக்கும் சிறுமுகைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது ஊஞ்சவலசு. ஊருக்கு மேற்கே ஒரு கரடு, அதாவது கல்லும் முள்ளுமாக ஒரு சின்ன மலை. அது வனத்துறையின் காப்புக்காடு. கரட்டின் அடியிலிருந்து ஓடை வரைக்கும் கிடக்கும் மேய்ச்சல் நிலம் திருமூர்த்தியுடையது. கொறங்காடு என்பார்கள் அதை. உழவு கிடையாது. கொழுக்கட்டைப் புல்லைத் தன்பாட்டுக்கு முளைக்க விட்டு, சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, மாடுகளை உள்ளே அவிழ்த்து விட்டுவிட்டால் போதும். ஆனால் அவருடையது பேருக்குத்தான் கொறங்காடாக இருந்தது. சீமைக் கருவேலம் புகுந்து முழுசாக விழுங்கியிருந்தது. மாடு உள்ளே போக முடியாது. மனிதன் போனால் வேட்டி திரும்பி வராது. நிலம் இருந்தும், நாலு மாட்டுக்குத் தீவனம் தேடிப் புளியம்பட்டிக்கு அலைந்துகொண்டிருந்தார் திருமூர்த்தி.

அந்தக் கரட்டில் முன்பு கட்டாமைகள் இருந்தன. ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிந்திருக்கும் ஆமை அது. தண்ணீருக்குள் போகாது. புல்லும் பூவும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் தின்று தரையிலேயே காலம் தள்ளும். அழகாக இருந்ததுதான் அதற்கு வந்த வினை. வெளிநாட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து வளர்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும், எங்கிருந்தோ வந்தவர்கள் சாக்கு சாக்காகப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். தப்பித்த கொஞ்சமும், கருவேலத்தின் கீழ் புல் செத்த பிறகு, தின்ன வழியில்லாமல் போய்ச் சேர்ந்தது. ஊரில் இளவட்டங்கள் யாரும் கட்டாமையைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

திருமூர்த்தியின் ஒரே மகள் லோகப்பிரியா காலேஜில் சேர்ந்த வருஷம், ரேஞ்சர் கோவிந்தராஜுலு ஊருக்குள் ஜீப்பில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் பிடிபட்ட கட்டாமைகள் கொஞ்சம் இலாகாவின் பராமரிப்பில் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு சாக்ஸுக்குள் திணித்துப் பெட்டியில் அடுக்கிக் கடத்தப் பார்த்திருக்கிறார்கள். செத்தது போக மிச்சம் தேறி வந்துவிட்டது. அவற்றை மறுபடி இந்தக் கரட்டில் விட வேண்டும் என்பது திட்டம். ஆனால் கரட்டில் கல்தான் அதிகம். ஆமை பிழைக்க அடிவாரத்துப் புல்லும் ஓடைக்கரை மண்ணும் வேண்டும். அதாவது திருமூர்த்தியின் கொறங்காடு வேண்டும். ரேஞ்சர் மாரியம்மன் கோயில் முன்னால் மைக் வைத்து ஊரைக் கூட்டினார்.

ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீடு விளங்காது என்று ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். திருமூர்த்தியின் வீடோ கொறங்காட்டை ஒட்டியே இருந்தது. ஒற்றைப் பெண்ணை நாளைக்கு ஒரு இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும். ஆமை மேயும் காட்டுக்காரர் வீட்டு வாசலை எந்த மாப்பிள்ளை வீட்டார் மிதிப்பார்கள்?

"எந்திரிச்சு, நமக்கு வேண்டாமுன்னு சொல்லிப்போட்டு உக்காருங்க" என்று செல்லாத்தாள் முழங்கையால் இடித்தாள்.

எழுந்தார். ரேஞ்சர் மலர்ந்த முகத்தோடு அவரிடம் வந்து, "காட்டுக்காரரு நீங்கதானுங்களே? உங்க காட்டுல விட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டு மைக்கை வாயருகே நீட்டினார்.

"ஆமைங்க..." என்றார் திருமூர்த்தி.

துண்டை மாற்றிப் போட்டார். தொண்டையைச் செருமினார். 'ஆமைங்க நமக்கு ஆகாதுங்க' என்பதுதான் அவர் நினைத்திருந்த வாக்கியம். ஆனால் கரகரத்துக்கொண்டிருந்த மைக், அதில் முதல் வார்த்தையை வாங்கி 'ஆமாங்க' என்று ஊருக்கே ஒலிபரப்பிவிட்டது. ரேஞ்சர் சென்னைக்காரராக இருந்திருந்தால், 'என்ன ஆமை?' என்று கேட்டிருப்பார். அவரோ கோபிசெட்டிபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசினாலும் தெருவில் ஆமாங்க கேட்டே வளர்ந்த காது. அவர் கைதட்டினார். அவர் தட்டியதைப் பார்த்துக் கூட்டமும் தட்டியது. யாரோ ஓடிவந்து ஒரு சால்வையைப் போர்த்தினார்கள்.

"இந்த மாதிரி மனசு ஆருக்குங்க வரும்?" என்று ரேஞ்சர் இரண்டு கையையும் கூப்பினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

அப்படிக் கும்பிட்டு நிற்கிற ஒருவரிடம், நீங்கள் தப்பாகக் கேட்டுவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அந்தச் சீமையில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம். திருமூர்த்தியும் பதிலுக்குக் கும்பிட்டார். செல்லாத்தாள் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த பிறகு பேசியதை எழுத முடியாது.

சரி செய்ய அவர் முயலாமலும் இல்லை. சிறுமுகை போகிற சாக்கில் ரேஞ்சர் ஆபீஸுக்குப் போனார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்து மேஜைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, "இவருதானுங்க நம்ம ஊஞ்சவலசுக்காரரு" என்று அறிமுகம் செய்துவைத்தார் கோவிந்தராஜுலு. "ஆமைங்க..." என்று ஆரம்பித்தார் திருமூர்த்தி. "ஆமாங்க, எல்லாம் நல்லா இருக்குதுங்க, அடுத்த மழைக்கு விட்டுரலாமுங்க" என்றார் ரேஞ்சர். டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்தார்.

வேலை தொடங்கியது. வனத்துறை ஆட்களும் ஊர் ஆட்களும் சேர்ந்து கொறங்காட்டில் இருந்த கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள். வெட்டினால் தழையும், வேர் போனால்தான் போகும். வேலியில் விட்டுப்போன இடங்களில் கிளுவைக் குச்சிகளை நட்டார்கள். கொழுக்கட்டைப் புல் விதையைச் சாணியோடு கலந்து தூவினார்கள். முதல் மழைக்குப் பச்சை எழும்பியது. திருமூர்த்தி வேலிக் கடவில் நின்று பார்த்தார். ரொம்ப நாளாகச் சீக்கில் கிடந்த சொந்தக்காரர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது போல இருந்தது அவருக்கு. மாடுகளை உள்ளே விட்டார். அவை தலையே நிமிர்த்தவில்லை.

பிறகு ஆமைகள் வந்தன. கரட்டடியில் சுற்றுக் கம்பிவலை கட்டி, கொஞ்ச காலம் அதற்குள் பழக்கி, பின்பு வலையை எடுத்துவிட்டார்கள். ஓட்டில் சின்னக் கருவி ஒட்டி, எது எங்கே போகிறது என்று பார்க்க சாய்ப்ரியா என்ற ஆராய்ச்சிப் பெண் கோயமுத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவள் இல்லாத நேரத்தில் யார் பார்ப்பது? சம்மதம் கொடுத்தவர்தான் பார்க்க வேண்டும். ஒன்று காணாமல் போனாலும், 'அவரு காட்டுலதானே விட்டோம்' என்று பேச்சு வருமே! அந்தப் பயத்தில்தான் திருமூர்த்தி காவல் நிற்க ஆரம்பித்தார். பாசமெல்லாம் ஒன்றும் கிடையாது அப்போது. மாடு மேய்க்கிற வழியில் ஒன்று குறுக்கே நின்றால், "சித்தெ நவுந்துக்குங்க" என்பார். மனிதரிடம் பேசுகிற மரியாதையை மிருகத்திடம் மட்டும் எதற்குக் குறைப்பது என்று நினைத்திருப்பார். அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவர் காத்திருப்பார். இரண்டு பேருக்கும் அவசரம் கிடையாது.

ஒரு சாயங்காலம், வீட்டுக்குப் போகும் வண்டித்தடத்தில் ஒரு பெட்டை ஆமை பின்னங்காலால் குழி தோண்டுவதைப் பார்த்தார். மண் இறுகிக் கிடந்தது. அது தன் மூத்திரத்தாலேயே மண்ணை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்தது. முட்டைகளை உள்ளே விட்டது. மண்ணைத் தள்ளி மூடியது. பிறகு உடம்பைத் தூக்கித் தூக்கி அடிவயிற்றோட்டால் தட்டித் தட்டி, தரை போட்ட கொத்தனார் மட்டம் பார்க்கிற மாதிரி சமன் செய்தது. முடித்துவிட்டுத் திரும்பியே பார்க்காமல் புல்லுக்குள் போய்விட்டது. அங்கே ஒன்று நடந்ததென்று அடையாளமே இல்லை.

திருமூர்த்தி இருட்டும்வரை அந்த இடத்தில் நின்றார். அந்தத் தடத்தில்தான் பால் வண்டி வரும். மறுநாளிலிருந்து பால் வண்டியை ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, கேனை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு சுற்றுவழியில் நடந்தார். பால்காரன் சிரித்தான். செல்லாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். குழியைச் சுற்றிக் கருவேல முள்ளைப் போட்டு நாய் வராமல் அடைத்தார். மழை வந்ததும் தினமும் காலையில் முதல் வேலையாக அங்கே போய்க் குனிந்து பார்த்தார்.

ஐப்பசி மழையில் ஒரு காலையில் மண் வெடித்திருந்தது. உள்ளேயிருந்து நெல்லிக்காய் அளவில் ஒரு குட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டில் மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. சாய்ப்ரியாவுக்குப் போன் போட்டார். "குட்டிங்க..." என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. இந்த முறை தொண்டையைச் செருமுகிற பழக்கத்தால் அல்ல. இவை பெட்டியில் வந்தவை இல்லை, யாரும் கொண்டுவந்து விட்டவை இல்லை. இந்தக் காட்டு மண்ணிலேயே பிறந்தவை. சாய்ப்ரியா வந்து பார்த்து அழுதாள். அவர் வேட்டி நனைய மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தான் வேண்டாமென்று சொல்லப் போனதற்கு இப்படி ஒரு வரவா என்று நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவருடைய நாள் நன்றி சொல்வதிலேயே பாதி கழிந்தது. புல்லுக்கு நன்றி, மழைக்கு நன்றி, கரகரத்த மைக்குக்கு நன்றி. வேலிக்குள் காடை கத்தியது. முயல் புல்லுக்குள் பதுங்கிக் கிடந்தது. மாலையில் வானம்பாடி செங்குத்தாக மேலே ஏறிப் பாடிவிட்டு இறங்கியது. இவை எதையும் யாரும் ஜீப்பில் கொண்டுவரவில்லை. புல் வந்ததும் தாமாக வந்தன. மாடுகள் தீவனத்துக்குப் புளியம்பட்டியை நம்பியிருந்தது போய், கொறங்காட்டில் மேய்ந்தே வயிறு நிறைந்து வந்தன. "நான் என்னத்தைச் செஞ்சேன்? ஒத்த வார்த்தையை முடிக்கல, அவ்வளவுதான்" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

ஆனால் செல்லாத்தாள் பயந்ததும் வீண் போகவில்லை. லோகப்பிரியா படித்து முடித்து அன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். ஜாதகத்தை வெளியே விட்டார்கள். வந்து பார்த்தவர்கள் பெண்ணைக் குறை சொல்லவில்லை. வீட்டைக் குறை சொல்லவில்லை. "அந்த ஆமைதானுங்க..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள். தரகர் அந்தப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். திருமூர்த்தி ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுவது வழக்கமாயிற்று. லோகப்பிரியா அந்தத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்த உட்காருவாள். அதுதான் அவரைக் குடைந்தது.

அப்போதுதான் கோபிப் பக்கத்திலிருந்து கவினின் ஜாதகம் வந்தது. வாழைத் தோட்டம், அம்மாவும் பையனும் மட்டும். தகப்பன் இல்லை. பொருத்தம் பார்த்து, பெரியவர்கள் பேசி, இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பேசினார்கள். லோகப்பிரியா மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதுகூட முணுமுணுவென்று பாடுவதைத் திருமூர்த்தி கேட்டார். அவள் சின்ன வயதில் பாடிக் கேட்டது. இந்த இடம் தவறிப்போனால் இந்தக் குரலும் நின்றுவிடும் என்று அவருக்குத் தோன்றியது. மாரியம்மனுக்குப் பூ வைத்து வேண்டிக்கொண்டார்.

கவினின் அம்மா பழனாத்தாள், பையனோடும் ஒரு தாய்மாமனோடும் வேனில் வந்து, ரோட்டிலேயே இறங்கி நடந்து வந்தாள். ஐப்பசி மழை விட்டிருந்த காலை. காட்டைப் பார்த்தார்கள், வீட்டைப் பார்த்தார்கள். கேசரியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாப்பிடச் சொன்னபோது, "இருக்கட்டுமுங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்றாள் பழனாத்தாள். அதில் யாரும் தப்பு நினைக்கவில்லை. சம்மதம் என்று ஆகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் இலை போட்டு உட்கார மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் உறவாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் செல்லாத்தாளும் விருந்து எதுவும் சமைத்து வைக்கவில்லை.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. எம்பையனுக்கும் புடிச்சிருக்குது" என்றாள் பழனாத்தாள். "ஒன்னே ஒன்னுதானுங்க. எங்கூட்டுக்கு ஒருக்கா ஆமை வந்துச்சுங்க. வாய்க்காத் தண்ணியில வந்து, ஊட்டுக்குப் பின்னால பொடக்காணியில ஏறி, அடுப்பங்கரை வரைக்கும் வந்துருச்சு. அந்த வருசந்தான் கவினோட அப்பா போயிட்டாரு. என்னைய வெவரம் இல்லாதவளுன்னு நெனைச்சுப்போடாதீங்க. மனசு ஒப்ப மாட்டேங்குதுங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. பயம்தான் இருந்தது. அதனாலேயே பதில் சொல்வது சிரமமாக இருந்தது.

"நான் விசாரிச்சுட்டுத்தான் வந்தேனுங்க. காட்டுக்காரரு எனக்குச் சம்மதமில்லைன்னு ஆபீசுல ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். எல்லாத்தையும் வாரிப் பெட்டியில போட்டு வேற எடத்துக்குக் கொண்டுபோயிருவாங்களாம். அதைச் செஞ்சுபோடறேன்னு சொல்லுங்க. இன்னைக்கே கை நனைச்சுக்கறோமுங்க."

திருமூர்த்தி வாசல் நிலையில் சாய்ந்து நின்ற மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவின் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு அவர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சம்மதிக்கவில்லை என்பது சத்தியமான உண்மை. இத்தனை வருஷமாக யாரிடமும் முடிக்க முடியாத வாக்கியத்தை ஆபீஸில் போய் முடித்துவிட்டு வந்தால், மகளுக்குக் கல்யாணம். இதைவிடச் சுலபமான காரியம் ஒரு தகப்பனுக்கு அமையாது. ஆனால் பெட்டி என்றதும் அவருக்கு அந்த சாக்ஸ் ஞாபகம் வந்தது. காலில் மாட்டுகிற சாக்ஸுக்குள் கால் மடக்கிக் கிடந்த உயிர்கள் அவை. இப்போது தடத்து மண்ணுக்கு அடியில் இந்த வருஷத்து முட்டைகள் வேறு இருக்கின்றன.

"ஆமைங்க..." என்று ஆரம்பித்தார்.

துண்டை மாற்றிப் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"அட, அவருதான் ஆமாங்கறாரே!" என்று தாய்மாமன் தொடையைத் தட்டினார். "அப்பறமென்ன, உப்பு சக்கரை மாத்தி நிச்சயத்த முடிச்சுக்கலாமுங்க. நல்ல நேரத்துலதான் வந்திருக்கோம்."

பழனாத்தாள் முகம் தெளிந்தது. செல்லாத்தாள் அவசரமாக எழுந்தாள். மறுபடியும் அதே கதை. மறுபடியும் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், மறுபடியும் அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"சித்தெ பொறுங்க மாமா" என்றாள் லோகப்பிரியா.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "அப்பா இன்னும் பேசி முடிக்கலைங்க. அவரு முடிக்கட்டும்."

திருமூர்த்தியின் வாழ்க்கையில் இத்தனை பேர் அவருடைய இரண்டாவது வார்த்தைக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"ஆமைங்க வேண்டாமுன்னு சொல்லத்தானுங்க அன்னைக்கு ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சேன்" என்றார். "மொத வார்த்தைதான் சொன்னேன். அதுக்குள்ள ரேஞ்சரு ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டுக் கை தட்டிப்போட்டாரு. சால்வை போத்திப்போட்டாங்க. நான் சம்மதிக்கவே இல்லைங்க. இன்னைக்குப் போய் அதைச் சொன்னா அது நெசந்தானுங்க. ஆனா இப்ப மனசறிஞ்சு சம்மதிச்சுட்டனுங்க, இனி அப்படிச் சொன்னா அது பொய்யிங்க."

நிறுத்தினார். யாரும் குறுக்கே வரவில்லை. மேலே சொன்னார்.

"அப்ப என்ற காட்டுல ஒத்தப் புல்லு இல்லைங்க. இன்னைக்கு நாலு மாடும் வகுறு ரொம்ப மேயுது. காடை கத்துது. குட்டி குட்டியாப் பொறந்து கெடக்குது. நான் கூப்புடலைங்க, அதுங்களா வந்து எனக்கு இத்தனையும் குடுத்துச்சு. அதுங்களைத் திரும்பப் பெட்டிக்குள்ள போகச் சொல்ல என்னால ஆகாதுங்க. எம்பொண்ணு எனக்கு உசுருங்க. அவளுக்காக வேற என்ன கேட்டாலும் செய்யறேன். அம்மணி, உங்க பயத்தை நான் கொறைச்சுச் சொல்லலைங்க. இது மட்டும் வேண்டாமுங்க."

சொல்லி முடித்துவிட்டார். இனிமேல் போனது போனதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. மகளை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

பழனாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அப்ப நீங்க சம்மதமுன்னு சொல்லவே இல்லீங்களா?"

"இல்லைங்க."

"ஆமைங்கன்னுதான் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

தாய்மாமன் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கவின் திரும்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது. செல்லாத்தாள், இத்தனை வருஷம் அந்தக் கூட்டத்தை நினைத்துப் பல்லைக் கடித்தவள், அவளும் சிரித்துவிட்டாள். கடைசியில் பழனாத்தாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகு சிரிப்பு இல்லை.

"எனக்குப் பயம் போயிருச்சுன்னு சொல்லலைங்க" என்றாள். "பயம் இருக்குது. அது இருந்துட்டுப் போகட்டும். சொல்லாத வார்த்தைக்கே இத்தனை வருசம் நின்னவரு நீங்க. சொன்ன வார்த்தைக்கு எப்படி நிப்பீங்க! தகப்பனில்லாத பையனைக் குடுக்கறேன். எனக்கு அந்த மாதிரி ஒரு மனுசன்தானுங்க வேணும்."

அப்புறம் செல்லாத்தாளிடம் திரும்பி, "எலையப் போடுங்க அம்மணி, பசிக்குது" என்றாள்.

செல்லாத்தாளுக்குக் கை கால் ஓடவில்லை. வடை பாயசம் எதுவும் கிடையாது. காலையில் வீட்டுக்கு வைத்த சோறும் கொள்ளு ரசமும் கத்திரிக்காய்ப் பொரியலும்தான் இருந்தது. லோகப்பிரியா ஓடிப்போய் இலை அறுத்து வந்தாள். வரும்போது அப்பாவின் கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள். அவர் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து பழனாத்தாளின் கைக்கு ஊற்றினார். எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது அவருக்கு. இந்த அம்மாவுக்கு, மகளுக்கு, எங்கோ மாற்றலாகிப் போன ரேஞ்சருக்கு, புல்லுக்குள் எங்கேயோ மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் ஆமைகளுக்கு. "ரொம்பங்க..." என்று ஆரம்பித்தார். துண்டை மாற்றிப் போட்டார். கண்ணீர் வந்துவிட்டது, வாக்கியம் வரவில்லை.

பழனாத்தாள் காத்திருந்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டாள்.

"ரசத்துல உப்பு கொஞ்சம் கம்மிங்க, சம்மந்தி" என்றாள்.